ஆயுள் போத்தலில் வருமா? பழ ஈ சொல்லும் பதில்



சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்களாக என் மேசையிலேயே கிடந்தது. கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய கணவருக்கு வயது 52. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் புகைப்பிடிப்பவர். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதாம். வெளிநாட்டில் தொழில் செய்யும் தம்பி லீவில் வந்தபோது, மச்சானுக்கென்று ஒரு பெரிய போத்தல் விற்றமின் குளிசை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பீட்டா கரோட்டினும் விற்றமின் 'ஈ'யும் கலந்த குளிசை. கூடவே ஒரு துண்டுப்பிரசுரம். ஆயுளைக் கூட்டும், உடலுக்கு வரும் தாக்கங்களைத் தாங்கும் சக்தியைத் தரும், பழ ஈக்களில் சோதித்துக் கண்ட உண்மை இது என்றெல்லாம் அதில் எழுதியிருந்ததாம்.

"தினமும் காலையில் நானே கையில் கொடுத்து விழுங்கச் செய்கிறேன். போத்தல் முடியப்போகிறது. இங்கே விசாரித்தால் விலை தலைக்கு மேல் இருக்கிறது. தையல் காசில் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு அடுத்த போத்தலை வாங்கலாமா? ஈயில் சரிவந்தது இவருக்கும் சரிவரும்தானே?" என்று கேட்டிருந்தார்.

ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இதே கேள்வி நம்மில் பலருடைய வீட்டு அலுமாரியிலும் ஒரு போத்தலாக இருக்கிறது. ஆகவே இம்மாதம் அந்த ஈயிடமே போய்க் கேட்டுவருவோம்.

வாழைப்பழச் சீப்பின் மேல்

நீங்கள் இந்த ஈயை நன்றாக அறிவீர்கள். கனிந்துபோன வாழைப்பழச் சீப்பின் மேலும், வெட்டி வைத்த அன்னாசியின் மேலும் புகைபோல எழுந்து பறக்குமே, சிவந்த கண்களுடைய மிகச் சிறிய ஈ, அதுதான். நீளம் சுமார் 3 மில்லிமீற்றர். கொய்யாவையும் மாங்காயையும் துளைத்துப் புழு வைக்கும் பெரிய பழ ஈ வேறு வகை. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோகன் என்ற பேராசிரியர் இந்த ஈக்களைப் போத்தல்களில் வளர்த்து ஆராய்ந்தார். 1910ஆம் ஆண்டு, சிவந்த கண்களுடைய ஈக்களுக்கிடையே வெள்ளைக் கண்ணுடைய ஓர் ஆண் ஈயைக் கண்டார். பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு நிறமூர்த்தங்கள் வழியாகச் செல்வதை அந்த ஈயின் சந்ததிகளைக் கொண்டு அவர் விளக்கினார். 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஆய்வுகூடங்களில் இந்த ஈக்கு இடம் குறையவில்லை.

ஆயுளைப் பற்றி ஆராய ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? முட்டையிலிருந்து முழு ஈயாவதற்கு ஏறத்தாழ 10 நாட்களே போதும். அதன்பின் ஆய்வுகூடத்தில் இரண்டு, இரண்டரை மாதங்கள் வாழும். ஒரு மனிதன் பிறந்து முதிர்ந்து மறைவதைப் பார்த்து முடிக்க இன்னொரு மனிதனின் ஆயுள் போதாது. ஈயின் முழு வாழ்வையும் ஒரே பருவத்தில் பார்த்துவிடலாம். மேலும், மனித நோய்களோடு தொடர்புடைய பரம்பரையலகுகளில் நான்கில் மூன்று பங்கு வரையானவற்றுக்கு ஒத்தவை ஈயிலும் உண்டு. தோற்றத்தில் நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கலங்களுக்குள் நடக்கும் வேலைகளில் உறவு இருக்கிறது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

சோளமா, சீனி, ஈஸ்ட், அகர் ஆகியவற்றைக் காய்ச்சி ஈக்கு உணவு செய்கிறார்கள். அகர் என்பது வேறொன்றுமல்ல, நாம் கடற்பாசி காய்ச்சுவோமே, அதுதான். காய்ச்சிய உணவைச் சிறு குழாய்களின் அடியில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். ஒரு தொகுதிக் குழாய்களில் வெறும் உணவு. இன்னொரு தொகுதியில் சோதிக்கவேண்டிய விற்றமின் கலந்த உணவு. ஒரே நாளில் பிறந்த ஈக்களை எண்ணி இரண்டிலும் விடுவார்கள். சில நாட்களுக்கொரு முறை புதிய உணவுக்கு மாற்றி, இறந்தவற்றை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். கடைசி ஈ இறக்கும் வரை இந்தக் கணக்கு நடக்கும்.

தாங்கும் சக்தியைச் சோதிப்பது வேறு முறை. சில ஈக்களைப் பட்டினி போடுவார்கள். சிலவற்றைச் சூட்டில் வைப்பார்கள். சிலவற்றுக்கு ஐதரசன் பரவொட்சைட்டையோ, நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்ட பரகுவாட் என்ற களைநாசினியையோ உணவில் கலந்து கொடுப்பார்கள். இவ்விரண்டும் உடலுக்குள் கடுமையான ஒட்சியேற்றத்தை உண்டாக்குபவை. விற்றமின் உண்ட ஈ கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறதா, உண்ணாத ஈ தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம்.

குறை இருந்தால் நிறைக்கும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விற்றமின் இல்லாமல் ஈயும் வாழாது. ஈக்கு என்னென்ன உணவுச் சத்துக்கள் எவ்வளவு தேவை என்பதை ஜேம்ஸ் சாங் என்ற ஆய்வாளர் அளந்து 1956ஆம் ஆண்டு வெளியிட்டார். தயமின், ரைபோபிளேவின், நிக்கொற்றினிக் அமிலம், பந்தோதெனிக் அமிலம், பிரிடொக்சின், பயற்றின், போலிக் அமிலம் என்று பீ தொகுதி விற்றமின்களின் பட்டியல் அதில் வருகிறது. இவை இல்லாத உணவில் ஈயின் குடம்பிகள் ஒழுங்காக வளர்ந்து முழு ஈயாவதில்லை. ஆய்வுகூட உணவில் ஈஸ்ட் சேர்ப்பதே முக்கியமாகப் புரதத்துக்கும் இந்தப் பீ விற்றமின்களுக்கும்தான். கரோட்டினே இல்லாத உணவில் வளர்ந்த ஈயின் கண்களுக்கு ஒளியை உணரும் சக்தி குன்றிவிடுகிறது. விற்றமின் 'ஏ' குறைந்த குழந்தைக்கு மாலைக்கண் வருவதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் எல்லாவற்றிலும் ஈயும் நாமும் ஒன்றல்ல. உணவில் விற்றமின் 'சீ' சேர்க்காமலே ஈயை வளர்த்துவிடலாம். நமக்கோ அது இல்லாவிட்டால் பல்முரசு கரைந்து இரத்தம் கசியும். நம் எலும்புக்கு விற்றமின் 'டீ' வேண்டும். ஈக்கு எலும்பே கிடையாது! ஆகவே "ஈயில் சோதித்தது" என்று சொன்ன மாத்திரத்தில் அது நமக்கும் அப்படியே பொருந்திவிடும் என்று எண்ணிவிடக்கூடாது.

ஆயுளைக் கூட்டும் விற்றமின் என்ற பேச்சு புதிதல்ல. 1948ஆம் ஆண்டு தோமஸ் கார்ட்னர் என்ற ஆய்வாளர், தேனீக்களின் ராணிக்கு ஊட்டப்படும் உணவிலுள்ள பந்தோதெனிக் அமிலத்தைப் பழ ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த ஈக்கள் மற்றவற்றைவிடக் கூடுதல் நாட்கள் வாழ்ந்தன என்று எழுதினார். 'ரோயல் ஜெலி' என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் குளிசைகளோடு நீண்ட ஆயுள் என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆனால் பந்தோதெனிக் என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளே 'எங்கிருந்தும்' என்பதாகும். முட்டை, இறைச்சி, பருப்பு, தவிடு நீக்காத அரிசி என்று நாம் உண்ணும் பெரும்பாலான உணவுகளில் அது இருக்கிறது. மனிதருக்கு அதில் குறைபாடு ஏற்படுவது மிக அரிது. இல்லாத குறையை நிறைக்க யாரால் முடியும்?

துருப்பிடிக்கும் கதை

1956ஆம் ஆண்டு டென்ஹம் ஹாமன் என்ற அமெரிக்க மருத்துவர் முதுமைக்கு ஒரு காரணம் சொன்னார். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் உடலில் எரிந்து சக்தி தரும்போது, சுயாதீன மூலிகங்கள் எனப்படும் துடுக்கான துணுக்குகள் உண்டாகின்றன. கடற்கரை ஓரத்து வீட்டின் இரும்புக் கேற்றை உப்புக்காற்று மெல்ல மெல்லத் தின்பதுபோல, இவை கலங்களைச் சிதைக்கின்றன. அச்சிதைவே முதுமை என்றார்.

அப்படியானால் அவற்றை அடக்கும் விற்றமின் 'சீ', விற்றமின் 'ஈ', பீட்டா கரோட்டின் ஆகியவற்றை அள்ளிக் கொடுத்தால் ஆயுள் நீளுமல்லவா? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அதனால்தான் எத்தனையோ ஆய்வுகூடங்கள் ஈக்களுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்தன.

கிடைத்த விடை ஒரே மாதிரியாக இல்லை. கடுமையான ஒட்சியேற்றத் தாக்கத்துக்கு உள்ளான ஈக்களுக்குச் சில விற்றமின்கள் கைகொடுத்ததுண்டு. உதாரணமாக, ரைபோபிளேவின் உண்ட ஈக்கள் ஐதரசன் பரவொட்சைட்டைக் கூடுதல் நேரம் தாங்கின என்று 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் நல்ல உணவு உண்டு சாதாரணமாக வாழும் ஈக்களுக்கு மேலதிக விற்றமினால் பல சோதனைகளில் ஒரு பயனும் தெரியவில்லை. அளவு மிகும்போது ஆயுள் குறைந்ததும் உண்டு. ஆணா பெண்ணா, எந்த இனத்து ஈ, அடிப்படை உணவில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தும் விடை மாறியது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈக்கள் ஓரளவு குறைவாக உண்டால் கூடுதல் நாட்கள் வாழும் என்பது நன்கு நிறுவப்பட்ட விடயம். உணவில் கலந்த பொருளின் சுவை பிடிக்காமல் ஈ குறைவாக உண்டிருந்தால்? ஆயுள் நீண்டது விற்றமினால் அல்ல, வயிறு குறைந்ததால். இதைக் கவனியாமல் நடத்திய சோதனையை நம்பி ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டுவிட முடியும்.

சிறு கஷ்டமும் ஒரு பயிற்சி

மிகையான விற்றமின் ஏன் உதவுவதில்லை? இதற்கும் ஈயிடம் ஒரு பதில் உண்டு.

இத்தாலியில் பெருச்சியோ ரித்தோசா என்ற ஆய்வாளர் ஈயின் நிறமூர்த்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். யாரோ ஒருவர் ஈக்கள் இருந்த பெட்டியின் சூட்டைத் தவறுதலாகக் கூட்டிவிட்டார். மறுபடி பார்த்தபோது நிறமூர்த்தங்களின் சில இடங்கள் புதிதாகப் புடைத்திருந்தன. சூடு பட்டதும் சில பரம்பரையலகுகள் விழித்தெழுந்து வேலை தொடங்கியிருந்தன. 1962இல் அவர் இதை வெளியிட்டார். கலங்களிலுள்ள புரதங்கள் சூட்டினால் குலையாதபடி காக்கும் பொருட்களை உண்டாக்குவதே அந்த வேலை என்பது பின்னர் தெரியவந்தது. இளமையில் சிறிது நேரம் மிதமான சூட்டைத் தாங்கிய ஈக்கள், பிறகு கடுஞ்சூட்டைக் கூடுதலாகத் தாங்குகின்றன. சில சோதனைகளில் அவற்றின் ஆயுளும் சற்று நீண்டது.

ஆக, தாங்கும் சக்தி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உடலுக்குள்ளேயே காவற்காரர்கள் இருக்கிறார்கள். சுயாதீன மூலிகங்களை அடக்கும் நொதியங்கள் ஈயிலும் நம்மிலும் உண்டு. அக்காவற்காரரை எழுப்பும் மணியும் அதே மூலிகங்கள்தான். விற்றமினை அளவுக்கு மீறிக் கொட்டினால் மணிச்சத்தமே கேளாமல் போய்விடலாம்.

இதை மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். ஜேர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் விற்றமின் 'சீ'யும் 400 அலகு விற்றமின் 'ஈ'யும் கொடுக்கப்பட்டன. குளிசை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. எடுத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. பட்ட பாட்டின் பலனைக் குளிசை தின்றுவிட்டது.

ஈயிலிருந்து மனிதனுக்கு

இனி நம் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவருடைய கணவரைப் போன்றவர்களிடமே இந்தச் சோதனை நடந்திருக்கிறது என்பதை அறிந்தால் அவர் ஆச்சரியப்படுவார்.

பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான, புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் தெரிவுசெய்தார்கள். சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். சிலருக்கு 50 மில்லிகிராம் விற்றமின் 'ஈ'. சிலருக்கு இரண்டும். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஐந்து முதல் எட்டு வருடங்கள் வரை கவனித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! மரணங்களும் 8 சதவீதம் அதிகம். விற்றமின் 'ஈ' நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை.

அமெரிக்காவில் 18,314 பேரிடம் இன்னொரு சோதனை. புகைப்பிடிப்பவர்கள், அதை விட்டவர்கள், அஸ்பெஸ்டஸ் தூசியில் வேலை செய்தவர்கள் ஆகியோரே அதில் இருந்தனர். பீட்டா கரோட்டினும் விற்றமின் 'ஏ'யும் கொடுக்கப்பட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மரணங்கள் 17 சதவீதமும் அதிகமாக இருந்தன. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே குளிசையை நிறுத்தினார்கள். புகை நிறைந்த நுரையீரலில் மிகையான பீட்டா கரோட்டின் உடைந்து தீங்கான பொருட்களாக மாறுகிறது என்பது விஞ்ஞானிகள் தரும் ஒரு விளக்கம்.

2007ஆம் ஆண்டு இத்தகைய 68 சோதனைகளை, மொத்தம் 232,606 பேரின் விபரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுள் தரமாக நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டபோது, பீட்டா கரோட்டின், விற்றமின் 'ஏ', விற்றமின் 'ஈ' குளிசைகள் மரணத்தைக் குறைக்கவில்லை, சற்றுக் கூட்டவே செய்தன என்று தெரிந்தது. 2024இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆரோக்கியமான 390,124 பேரை இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. பல விற்றமின்கள் கலந்த குளிசையைத் தினமும் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நீண்டகாலம் வாழவில்லை.

அந்தச் சகோதரிக்கு

சகோதரியே, உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. தம்பியின் அன்பிலும் இல்லை. ஆனால் அந்தப் போத்தலை இன்றே மூடி வையுங்கள். அடுத்ததை வாங்க வேண்டாம். இதுவரை கொடுத்துவிட்டோமே என்று மனம் உடைந்துபோகவும் வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளில் பலர் வருடக்கணக்காக எடுத்தார்கள். அவர்களிலும் பெரும்பாலானோருக்கு அந்நோய் வரவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு வைத்தியரிடம் போங்கள். படியேறும்போது வரும் மூச்சுத்திணறல் விற்றமினால் தீரும் விடயமல்ல. நெஞ்சையும் இதயத்தையும் அவர் சோதிக்கட்டும்.

ஆயுளைக் கூட்டும் ஒரு காரியம் உங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை, வரவுதான். புகைப்பதை நிறுத்திய ஒரே வருடத்தில், புகையினால் வரும் மேலதிக இதயநோய் ஆபத்து பாதியாகக் குறைகிறது. பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் பாதியாகிறது. எந்தப் போத்தலும் இப்படியொரு கணக்கைக் காட்டியதில்லை. தையல் காசு உங்களிடமே இருக்கட்டும்.

நம் எல்லோருக்கும்

இதைப் படித்துவிட்டுக் கரட்டையும் பப்பாசியையும் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். பின்லாந்துச் சோதனையிலேயே, உணவின் மூலம் கூடுதலாகக் கரோட்டின் பெற்று வந்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் இருந்தது. தீங்கு வந்தது குளிசையில் அடைத்த பெரிய அளவினால். முருங்கைக்கீரைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், பருப்புக் கறி, நெத்தலி, ஒரு துண்டு கொய்யா, இவற்றில் உள்ளதை உடல் தன் அளவுக்கு எடுத்துக்கொள்ளும்.

அதேபோல, விற்றமின் குளிசை எல்லாமே வீண் என்றும் நான் சொல்லவில்லை. குறை உள்ள இடத்தில் அது மருந்து. கருத்தரிக்க எண்ணும் பெண்ணுக்கும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் அவசியம். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் ஒழுங்காக உருவாக அது உதவுகிறது. கிளினிக்கில் தரும் போலிக் அமிலத்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும் மருமகள்மார் இதைக் கவனிக்கவும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு விற்றமின் 'டீ'யும், வயது சென்றவர்களுக்குப் பீ 12உம் குறையக்கூடும். இரத்தத்தைச் சோதித்து வைத்தியர் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கர்ப்பிணிகள் விற்றமின் 'ஏ' குளிசையையும், விற்றமின் 'ஏ' நிறைந்த கொட் லிவர் ஒயிலையும் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது. மிகையான விற்றமின் 'ஏ' வயிற்றிலுள்ள குழந்தையின் உறுப்புகளில் ஊனத்தை உண்டாக்க வல்லது.

இனி யாராவது ஒரு போத்தலை நீட்டி ஆயுளைக் கூட்டும் என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். என்னிடம் இந்தச் சத்துக் குறைவாக இருக்கிறதா? எவ்வளவு அளவு? சோதித்தது ஈயிலா, மனிதரிலா?

இன்று சமையலறையில் வாழைப்பழத்தின் மேல் அந்தச் சிறிய ஈக்கள் பறந்தால் விரட்டிவிடுங்கள். அவை நமக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டன. பழம் கறுக்கும் முன் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுங்கள்.